கட்டில் கைப்பிடி

அன்புள்ள உங்களுக்கு,

பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து இன்று காலை அந்தக் கைப்பிடியை எடுத்தேன். கை முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம். கிறீச்சிடுகிறது, எண்ணெய் போடு என்று வாரம் தவறாமல் என் உயிரை வாங்கினீர்களே, உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சுற்றும் அதே இரும்புக் கைப்பிடிதான். கட்டில் போய் நான்கு நாளாகிறது. கைப்பிடி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதற்கும் காரணம் நீங்கள்தான்.

ஒரே கட்டிலை இரண்டு பேருக்கு வாக்குக் கொடுக்கிற மனுஷரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகும் நீங்கள் சும்மா இருக்கவில்லை. பார்க்க வந்த, நம் வேதக்கோயிலில் மணியடிக்கும் செல்வராஜிடம், "ஒன் முதுகுவலிக்கு இது நல்லதுய்யா, எனக்கப்புறம் எடுத்துக்க" என்றீர்கள். மார்க்கையன்கோட்டையில் நம் வாழைத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் பாண்டியிடமும், மூச்சிரைக்கும் அவன் அம்மாவுக்கென்று சொல்லி வைத்தீர்கள். மறதியா, தாராளமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தக் கட்டிலில் ஏழு மாதம் உங்களைப் புரட்டிப் படுக்க வைத்த மனைவி நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

எப்போதும் இப்படித்தான். அறுப்பின் பண்டிகைக்குத் தோட்டத்தின் முதல் தார் கோயிலுக்குப் போகும். நமக்குக் காற்றில் ஒடிந்து விழுந்த மரத்துக் காய். முணுமுணுத்தால், "மிஞ்சுனதக் குடுத்தா அதுக்குப் பேரு காணிக்கையாடி? அது வீட்டக் காலி பண்றதுடி" என்பீர்கள். தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட விதவையைப் பற்றிப் போதகர் பிரசங்கம் செய்தாரே, அன்று திரும்பி வரும்போது, "அந்தப் பொம்பள அன்னிக்கு ராத்திரி என்னத்தச் சாப்புட்டா?" என்று கேட்டேன். சிரித்தீர்கள். "யாராச்சும் பாத்துக்கிருப்பாக" என்றீர்கள். இப்போது நானே விதவை. அந்தச் சிரிப்பை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாளே இருவரும் வந்து நின்றார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் போன நாளிலிருந்து நான் அந்தக் கட்டிலில்தான் படுத்தேன். உங்கள் பக்கத்தில் படுத்த மாதிரி இருந்தது. கொடுக்க எனக்கு மனமில்லை. பாண்டியின் லோடு ஆட்டோ சத்தம் கேட்டதும் கைப்பிடியைக் கழற்றிப் பீரோவில் ஒளித்துவிட்டு, "கைப்பிடி தொலைஞ்சு போச்சுப்பா, அது இல்லாட்டிக் கட்டிலு ஒண்ணுக்கும் ஆகாது" என்றேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவள் நான்!

செல்வராஜ், "அப்பப் பாண்டியே கொண்டு போகட்டும்க்கா. அந்தம்மா உக்காந்துக்கிட்டேல்ல தூங்குது" என்றார். பாண்டியோ, "பரவால்லத்தை, தலமாட்டுல செங்கல வச்சுக்கிறோம். மாமா குடுக்கச் சொன்னாகல்ல, அது போதும்" என்றான். முதுகுவலிக்காரரே ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

இன்று காலை பாண்டி போன் செய்தான். "செங்கல் வச்சும் ஆத்தா சரிஞ்சு சரிஞ்சு வந்துருதுத்தை, மூச்சு முட்டுது. கைப்பிடி எங்கன கெடைக்கும்? தேனிக்குப் போனா வாங்கலாமா?"

"நான் கொண்டாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கடையில் வாங்கினேன் என்று சொல்லலாம் என்றால் எண்ணெய் வாசமே காட்டிக்கொடுத்துவிடும். ஒளித்து வைத்ததை அந்த நோயாளி அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். இந்த வயதில் என்னை இப்படித் தலைகுனிய வைத்துவிட்டீர்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கைப்பிடியைப் பையில் போட்டேன். கூடவே உங்கள் இலவம்பஞ்சுத் தலையணையையும் திணித்திருக்கிறேன். அதை நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை. உங்கள் தலை வாசம் இன்னும் அதில் இருக்கிறது. இரண்டு முறை வெளியே எடுத்தேன், இரண்டு முறையும் திரும்ப வைத்துவிட்டேன். உங்களோடு இருந்து இருந்து இந்தப் புத்தி எனக்கும் தொற்றிக்கொண்டதே என்று ஆத்திரமாக வருகிறது.

இன்றைக்கு நான் எதில் தலை வைத்துப் படுப்பேன்? யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று அங்கிருந்து சிரிக்காதீர்கள்.