பழைய பெரட்டுக் கொட்டகையில் கூடும் போதைக் கும்பல்

அனுப்புநர்:
சிவானந்தம் த/பெ சுப்பிரமணியம்,
லோரி ஓட்டுநர், மேட்டு லயம்,
புக்கிட் செராயா தோட்டம், கோலசிலாங்கூர்.

பெறுநர்:
மாவட்டக் காவல்துறைத் தலைவர் அவர்கள்
(இந்திய சமூகத் தலைவர் வழியாக. என் மலாய் சந்தையில் மீன் வாங்க மட்டுமே போதும் என்பதால், மொழிபெயர்த்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.)

பொருள்: தோட்டத்துப் பிள்ளைகளை மிரட்டிப் போதைப்பொருள் விற்க வைப்பவர்களைப் பிடிக்கவும், என் மகனைச் சாட்சியாக ஏற்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. எங்கள் தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில், விடியுமுன் எல்லாரும் பெரட்டுக் கொட்டகையில் கூடுவோம். மண்டோர் என்ற கங்காணி பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார். பனியில் நின்று, போத்தல் கோப்பியை மூடியில் ஊற்றிக் குடித்தபடி ஊர்க்கதை பேசுவோம். மூன்றாம் படிவத்தோடு படிப்புக்கு விடைகொடுத்த நான் அங்கேதான் ஆளானேன். ஒருநாள் தூங்கிவிட்டேன். மண்டோர் நாகமணி லயத்து வீட்டுக்கே வந்து, "மாப்பிள்ளைக்கு இன்னும் விடியலையா லா?" என்றார். கைலியோடு ஓடினேன். கொட்டகையே சிரித்தது. ஓர் ஆள் வராவிட்டால் அக்கறையாய்த் தேடி வந்த காலம் அது, ஐயா. அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு முறை தூங்கலாம்.

2. தோட்டம் செம்பனைக்கு மாறியதும் பெரட்டு நின்று, கொட்டகையில் புதர் மண்டியது. சென்ற தீபாவளிக்குப் பிறகு சில இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து அதைச் சுத்தம் செய்தார்கள். கோயில் இளைஞர் அணி என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். யாரென்று யாரும் கேட்கவில்லை. புல் வெட்டும் மெஷினைக் கொடுத்தவன் நான். தேநீர் கலக்கிக் கொடுத்தவர் என் மனைவி தனேஸ்வரி. காலையில் அங்கே பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டபோது, பழைய நாள் திரும்பிவிட்டதென்று மகிழ்ந்து ஊரெல்லாம் சொல்லியும் வந்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

3. அங்கே பெயர் கூப்பிட்டு, பள்ளியை விட்ட பிள்ளைகளிடம் சியாபு என்ற போதைப்பொருள் பொட்டலங்களைக் கொடுத்து, பக்கத்துக் கம்பத்துக் கிராமங்களில் விற்க அனுப்புகிறார்கள். தலைவன் கணேஸ்வரன் என்பவன், வெளியூர்க்காரன். அந்தப் பிள்ளைகளில் என் மகன் புனிதனும் ஒருவன். ஓட்டிப் பார்க்க மோட்டார் கொடுத்தே அவனை வளைத்திருக்கிறார்கள். அவன் விலகப் பார்த்து, ஒரு காலை போகாமல் இருந்தான். கணேஸ்வரன் எங்கள் வாசலுக்கு வந்து, சிரித்த முகத்தோடு, "அங்கிள், தங்கச்சி எந்த பஸ்ல ஸ்கூலுக்குப் போகுதுன்னு எங்களுக்குத் தெரியும். புனிதன அனுப்பி வைங்க லா" என்றான். அன்றுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

4. புனிதன் அழுதபடி எல்லாவற்றையும் என்னிடம் சொன்னான். தங்களிடமும் சொல்லத் தயார். ஆகவே, விடியற்காலையில் கொட்டகைக்கு ஆள் அனுப்பவும், என் மகள் துளசி போகும் பஸ்ஸின் மேல் ஒரு கண் வைக்கவும் வேண்டுகிறேன். காவல் வண்டி லயத்துக்கு வர வேண்டாம். இங்கே தகரச் சுவர். நான் இருமினால் அடுத்த வீட்டில் மருந்து தேடுவார்கள். இடத்தைச் சொன்னால் மகனை நானே அழைத்து வருகிறேன். செய்ததற்கு அவன் பதில் சொல்லட்டும். ஆனால் அவர்களோடு ஒரே அறையில் மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

5. பேசும் தைரியம் இப்போது அவனுக்கு வந்திருக்கிறது. அது அவன் அம்மா வழியில் வந்தது. என் வழியில் வந்திருந்தால் இதற்குள் ஓடிப்போயிருக்கும். அது இருக்கும்போதே கூப்பிடுங்கள், ஐயா.

கைப்பேசியைக் கீழே வைக்காமல் காத்திருக்கும்,

(கையொப்பம்)
சு. சிவானந்தம்

இடம்: புக்கிட் செராயா தோட்டம்
நாள்: 14 ஜூலை 2025