ரெண்டு அங்குல மடிப்பு

என்னங்க,

எல்லாரும் சௌக்கியம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்க முதல்முதலா சண்டைக்குப் போனப்ப நம்ம பையன் என் வயித்துல இருந்தான். "மூணே மாசம், முடிஞ்சிடும்"னீங்க. அவனுக்கு இப்ப பத்தொன்பது. சண்டைக்கும் அதே வயசு.

தையல் கூடத்துல இன்னமும் ராணுவ உடுப்புதான். போன வாரம் ஒரு அளவுச் சீட்டைப் பார்த்ததும், பழக்கதோஷம், பள்ளிக்கூடக் கால்சட்டை மாதிரி ரெண்டு அங்குலம் உள்ள மடிச்சுத் தைச்சுட்டேன். மேஸ்திரி கத்தினார்: "பட்டாளத்துக்காரன் இன்னுமா வளரப்போறான்? பிரிச்சுப் போடும்மா!" பிரிக்க மனசு வரல.

அந்தக் கால்சட்டை உங்க முகாமுக்குத்தான் வருது. போட்டிருக்கிறவனை அதட்டாதீங்க. வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்க.

வாசலை மறிச்சு நின்னு பார்த்தேன். "மூணே மாசம்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறிட்டான்.

அவனோட அம்மா