கியர் பக்கத்துச் சின்ன மூடி

என் வீட்டு மேலதிகாரிக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் இளைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல். நம்பமாட்டார், ஆனாலும் சொல்.

நேற்று ஒரு கூத்து. முதலாளியின் பழைய ஆட்டோமேட்டிக் காரில் பேட்டரி செத்துப்போய், கியர் பார்க்கிங்கிலேயே இறுகிக்கொண்டது. நியூட்ரலுக்கு வராமல் வண்டியைத் தள்ளவும் முடியாது. கேட் காவல்காரர் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். "ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டு, கால் பிரேக்க நல்லா மிதி" என்றார். கியர் பக்கத்தில் விரலால் தடவி, ஒரு சின்ன மூடியை நெம்பி எடுத்து, உள்ளே ஸ்க்ரூடிரைவரை விட்டு அமுக்கினார். "இப்ப இழு." கியர் சமர்த்தாக வந்துவிட்டது.

இரண்டு வருடமாக ஓட்டுகிறேன், அந்த மூடி என் கண்ணில் பட்டதே இல்லை. கேட்டில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? வண்டி திருடுகிற ஆளோ? என் நிழலையே நம்பாதவன் நான், கேட்டேவிட்டேன்.

"உனக்கு முன்னாடி இத ஓட்டுனது நான்தாம்ப்பா. கண்ணு மங்கிடுச்சு, கேட்டுல நிறுத்திட்டாங்க."

பழைய டிரைவர் ஊருக்குப் போய்விட்டார் என்றல்லவா முதலாளி சொன்னார்! இனி அவர் சிரித்தாலும் யோசிக்க வேண்டும்.

ஒரு சின்ன வேலை. கண் டாக்டர் எழுதிக்கொடுத்து, நான் கண்ணாடி வாங்காமல் விட்ட சீட்டு அலமாரியில் இருக்கும். தபாலில் அனுப்பு. யாரிடமும் சொல்லாதே.

முதலாளி கூப்பிடுகிறார். இனிமேல் கடிதத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது.

உன் டிரைவர்