டிரம்மில் இருந்தது ஆறு

தக்கலை
சனிக்கிழமை

அன்பு மகள் ஜெமிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மையும் இங்கே சுகம், மாலத்தீவில் நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் நான் சிரிக்கிற சிரிப்பில் உனக்கு ஒன்றும் விளங்காது, அதனால் லீவு முடிந்து அங்கே திரும்புகிற ஜினியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

போன லீவில் என் விரல் புண்ணையும் மூக்கில் ரத்தம் வருவதையும் பார்த்து அழுதாயே, பட்டறையில் முலாம் பூசுகிற தொட்டியில் உள்ள குரோமியம் பிளஸ் ஆறு வகை, அது விஷம், பிளஸ் மூன்று உள்ளதும் கிடைக்கும், அதில் இவ்வளவு கெடுதல் இல்லை என்று முதலாளி வைகுண்டராஜனிடமே போய்ச் சண்டை போட்டாயே, அந்த மனுஷன் கடைசியில் சம்மதித்துவிட்டார். பழைய தொட்டியை எடுத்துவிட்டுப் புதியது வைத்தோம், செவ்வாய்க்கிழமை மருந்து டிரம்மும் வந்தது. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் CrO₃ என்றிருந்தது. முதலாளி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பாருடே ஜாஸ்பரு, மூணுன்னு போட்டிருக்கு, உனக்க மவ சொன்ன சாதனம்தான்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான், மூடியைத் திறக்க ஸ்பானரும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் நீ எழுதித் தந்த தாள் ஞாபகம் வந்தது, ஆக்சிஜனுக்கு மைனஸ் இரண்டு, எல்லாம் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். அந்த மூன்று ஆக்சிஜனுடைய எண்ணிக்கை அல்லவா மக்கா! மூன்று ஆக்சிஜனுக்கு மைனஸ் ஆறு, அப்படியென்றால் குரோமியம் பிளஸ் ஆறு. சுவரில் கரியால் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் ஆறுதான். உடனே அந்த டிரம்மின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன், திறக்க விடமாட்டேன் என்று.

"பத்தாங்கிளாஸ் தோத்தவன் கம்பெனிக்காரனுக்குக் கணக்கு சொல்லுதியாடே" என்று முதலாளி கத்தினார். இறங்கவில்லையே நான்! கடைசியில் நாகர்கோவில் கடைக்குப் போன் போட்டார். அவர்கள் பில்லைப் பார்த்துவிட்டு, டிரம் மாறி வந்துவிட்டது, மன்னிக்கணும் என்றார்கள். முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வாத்தியாரே, இனி இறங்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது பார், மத்தியானம் வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. மருந்துப் புகை தலைக்கேறிவிட்டது என்று அம்மை பயந்து நாரங்காய் பிழிந்து தண்ணீர் கலக்கித் தந்தாள். அவளுக்கும் கணக்கைச் சொன்னேன், "மனுசா, அடுப்புல சாளை மீன் கருகுது, நான் போவட்டா" என்று போய்விட்டாள், ஆனால் சாயங்காலம் பக்கத்து வீட்டில் அவளே மைனஸ் ஆறு, பிளஸ் ஆறு என்று சொல்லிக் கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

மறுநாள் மாற்றி வந்த டிரம்மில் Cr₂(SO₄)₃. சல்பேட் ஒன்றுக்கு மைனஸ் இரண்டு என்றும் உன் தாளில் இருந்தது. மூன்று சல்பேட்டுக்கு ஆறு, அதை இரண்டு குரோமியம் பங்கு வைத்தால் ஆளுக்கு மூன்று! பட்டறையில் நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கையுறை போடாமல் வேலை செய்வதில்லை, நீ பயப்படாதே.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் குடை பிடித்துப் போ. கர்த்தர் உன்னை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாராக. மறக்காமல் ஒன்று செய், K₂Cr₂O₇ என்று நானாகவே ஒன்று போட்டுப் பார்த்தேன், குரோமியத்துக்குப் பிளஸ் ஆறு வருகிறது, பின்பக்கம் முழுக் கணக்கும் இருக்கிறது. சிவப்பு மையில் திருத்தி அனுப்பு. அப்பாதானே என்று மார்க் கூட்டிப் போடாதே.

உன் அன்பு அப்பா,
த. ஜாஸ்பர்