இடது பக்கம் இறங்கும் வண்டி

சம்பந்தி,

இன்று காலையும் வண்டி இறங்கவில்லை. பல் தேய்த்தபடியே பின்பக்கம் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வண்டியின் பம்பரையும் தோல் குடோன் சுவரின் மேல்வரிசைச் செங்கல்லையும் சேர்த்துப் பார்த்தேன். நேராக இருந்தது. நேற்றும் அப்படித்தான், போன வாரமும் அப்படித்தான். நீங்கள் இருந்தவரை ஒரு திங்கட்கிழமைகூட அது இப்படி நின்றதில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உடம்பெல்லாம் அசதியாக வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தேன். முட்டி மடங்காது என்று நீங்கள் உட்காரும் டப்பா.

வெளியாள் பார்த்தால் இதைப் பழைய பஸ் என்றுதான் சொல்வார். உள்ளே ஏறினால்தான் கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, சாயம் போன பூத்திரை எல்லாம் தெரியும். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பணக்காரர் வெளிநாட்டிலிருந்து இறக்கிய வீட்டு வண்டி. பல கை மாறி, ஒரு சினிமா கம்பெனியின் கொட்டகையில் கிடந்ததை, கல்யாணமான புதிதில் உங்கள் டேனியலும் என் எஸ்தரும் சேர்ந்து வாங்கினார்கள். ஏலகிரியில் நிறுத்தி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது, ஆள் இல்லாத நாட்களில் தாங்களே ஊர் சுற்றுவது என்று திட்டம். வண்டி ஏலகிரியைப் பார்ப்பதற்குள் இவர்களுக்குள் பேச்சு நின்றுபோனது. எஸ்தர் பெட்டியோடு ஆம்பூருக்கு வந்தாள். அவர்கள் குடியிருந்த பெங்களூரில் நிறுத்த இடமில்லை என்று வண்டியும் பின்னாலேயே லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் குடோன் சுவரை ஒட்டி நின்றது.

"எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கறது இந்த வண்டி ஒண்ணுதாம்பா," என்றாள் எஸ்தர். "இத வித்துட்டா, டைவர்ஸ் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு அவங்கவங்க வழியப் பாத்துக்கலாம்."

டேனியலும் உங்களிடம் இதையேதான் சொல்லியிருக்கிறான். நெடுநாளைக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். ஏற்காட்டில் விடுதி வைத்திருக்கும் ஒருவர் வந்து பார்த்தார். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. "நேரா நிக்க வெச்சுட்டு போன் பண்ணுங்க, அன்னிக்கே எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டிலிருந்து பஸ் பிடித்து நீங்கள் வந்து நின்றீர்கள். தோளில் துண்டு, கையில் எவர்சில்வர் டப்பா.

"ஸ்தோத்திரம். இன்னா சம்பந்தி, வண்டி படுத்துக்குச்சாமே?"

டப்பாவில் மருமகளுக்கு உங்கள் ஊர் இனிப்பு, மக்கன் பேடா. அவள் வெளியே வரவில்லை. நீங்களும் கூப்பிடவில்லை. பின்பக்கம் வந்து, வண்டியைப் பார்த்தபடி இருக்கும் சமையலறை ஜன்னலின் கட்டையில் டப்பாவை வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றினீர்கள். எறும்பு வந்த பிறகு நான்தான் அதை எடுத்து உள்ளே வைத்தேன்.

நீங்கள் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரும்பை நம்புகிறவர். நானோ ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டராக இருந்து காற்றோடு மாரடித்தவன். அங்கே சோல் ஒட்டும் மெஷின் முதல் ஷூவின் முனையை இழுத்துப் பிடிக்கும் மெஷின் வரை எல்லாம் காற்றில்தான் ஓடும். இந்த வண்டியிலும் ஸ்பிரிங் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் பலூன்கள். காற்று இருந்தால் வண்டி நிற்கும், போனால் உட்காரும். உங்களுக்கு அது பிடிக்கவே இல்லை.

"காத்த நம்பி இவ்ளோ பெரிய வண்டியா? ரெண்டு பட்டையப் போட்டு வேலைய முடிங்க."

"இத்தன வருஷம் நீங்க எத நம்பி பிரேக் அடிச்சீங்க? அதுவும் காத்துதான்."

சிரித்தீர்கள். தோற்றுப்போனால் சிரித்துவிடுகிற நல்ல குணம் உங்களுக்கு உண்டு. எனக்கு அது இல்லை என்று என் வீட்டுக்காரி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

உயரத்தைத் தானாகச் சரிசெய்கிற பாகம் துருப்பிடித்துச் செத்திருந்தது. எங்கு தேடியும் மாற்று கிடைக்கவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு பலூனுக்கும் டயரில் இருப்பது மாதிரி ஒரு வால்வு வைத்தேன். காற்றுக்குப் பஞ்சர் கடைக்காரரின் கம்ப்ரஸர். அது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சும்மா இருக்கும். எனக்கு ஆராதனை முடிந்ததும் இருவருமாக அதைத் தள்ளிக்கொண்டு வருவோம். உங்கள் ஊர் ஆராதனையை வாராவாரம் தவறவிடுகிறீர்களே என்று கேட்டால், பஸ்ஸில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டுதான் வருகிறேன் என்பீர்கள்.

இடது பலூனில் ஒரு வெடிப்பு இருந்தது. தோல் ஊரில் பிறந்தவனுக்கு வேறு என்ன புத்தி வரும்? நல்ல கெட்டித் தோலாக ஒரு துண்டை வெட்டி, சோல் ஒட்டும் பசையைத் தடவி ஒட்டினேன். "ஷூவே பிரியாது, இதுவா பிரியப் போவுது," என்று பெருமை வேறு. நாம் சாப்பிட உட்காரும்வரை தாங்கியது. பிறகு டப்பென்று ஒரு சத்தம். தோல் துண்டு பறந்து குடோன் ஓட்டின் மேல் விழுந்தது. வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தது. நீங்கள் சோற்றுக் கையோடு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சமையலறையிலிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. நாம் இருவரும் உடனே வாயை மூடிக்கொண்டு, கேட்காதது மாதிரி சாப்பிட்டோம்.

பிறகு அளவு ஒத்து வருகிற ஆம்னி பஸ் பலூன்களைத் தேடிப் பிடித்து மாட்டினேன். காற்று நிரப்பிச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை. சாயங்காலம் வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், இடது பக்கம் இறங்கியிருந்தது.

அதிலிருந்து ஆரம்பித்தது பேஜார். குழாயை மாற்றினேன், வாசரை மாற்றினேன், வால்வையே புதிதாக வாங்கிப் போட்டேன். ஞாயிறு சாயங்காலம் நிற்கும், திங்கள் காலையில் இறங்கியிருக்கும். எப்போதும் இடது பக்கம் மட்டும். அடுத்த ஞாயிறு வரை காற்றடிக்கவும் வழியில்லை. ஏற்காட்டுக்காரர் போன் செய்வார். டேனியல் உங்களைக் கேட்பான், எஸ்தர் என்னைக் கேட்பாள். "இன்னும் ஆகலையாப்பா?" என்று அவள் கேட்கும்போது எனக்கு அவமானமாக இருக்கும். கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்து மெஷின்கள் எல்லாம் நின்ற பிறகு, நான் மட்டும் குழாய் வழியாக நடந்துபோவேன். கசிவு அப்போதுதான் கேட்கும். இரைச்சலில் எந்தக் காதுக்கும் கேட்காது. அப்படி நடந்து நடந்து பழகிய என் காதுக்கு, வீட்டுக்குப் பின்னால் நிற்கிற ஒரு வண்டியின் கசிவு பிடிபடவில்லை. காது போய்விட்டது என்றே முடிவு செய்தேன். வேலூருக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். வயதுக்கு மிக நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"அப்போ வண்டிக்குத்தான் வயசாயிடுச்சு. வுடுங்க சம்பந்தி, பொறுமையாப் பாப்போம்," என்றீர்கள்.

உங்களுக்கு எதிலும் அவசரம் கிடையாது. கண்டக்டர் இரண்டு தடவை விசில் அடித்தாலும் ஸ்டாண்டை விட்டு வண்டியை எடுக்க மாட்டீர்களாம். "எப்பவும் ஒருத்தர் ஓடி வந்துட்டிருப்பாரு. கொஞ்சம் நின்னா ஏறிடுவாரு," என்பீர்கள். இப்படி நின்று நின்றுதான் உங்கள் பஸ் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்ததே இல்லை என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

நம் பிள்ளைகளில் யார்மேல் தப்பு என்று நாம் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. பேடா டப்பா மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. முதலில் தொடப்படாமல், பிறகு கழுவிக் கவிழ்த்து. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எஸ்தருக்கு எப்போது தோன்றியதோ, ஒரு வாரம் அதில் தக்காளித் தொக்கு இருந்தது. "காரம் கொஞ்சம் ஜாஸ்தி. டேனியலுக்குப் புடிச்ச மாதிரி," என்று அடுத்த வாரம் ஜன்னலைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னீர்கள். அதற்கடுத்த வாரமும் தொக்கு வந்தது.

புறப்படும்போது வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவீர்கள். டிரைவர் பழக்கம் என்பீர்கள். நான் அந்த நேரத்தில் முன்பக்கம் என் ஓட்டைச் சைலன்சர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருப்பேன். அது கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். துண்டில் கையைத் துடைத்தபடி வந்து ஏறிக்கொள்வீர்கள். பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் இருட்டிவிடும்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு காலை, இட்லி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. கல்லறையில் போதகர் குடும்பத்தாரை முன்னால் வரச் சொன்னபோது, எஸ்தர் போய் டேனியலின் பக்கத்தில் நின்றாள். இருவரும் மண் போட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பள்ளிகொண்டா தாண்டும்வரை அழுதாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகு சில ஞாயிறுகள் வண்டிப் பக்கமே போகவில்லை. ஏற்காட்டுக்காரர் விடவில்லை. கடைசியில் தனியாளாகக் கம்ப்ரஸரைத் தள்ளிக்கொண்டு வந்து காற்றடித்தேன். புதிதாக எதையும் மாற்றவில்லை. திங்கட்கிழமை வண்டி நின்றது. அந்த வாரம் முழுக்க நின்றது. அடுத்த வாரமும் நின்றது. நாளைக்கு அவர் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கையெழுத்துப் போட டேனியலும் வருவதாக இருந்தான்.

இன்று காலை உங்கள் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தபோது குடோனில் இன்னும் ஆள் வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. ஞாயிறு சாயங்காலம் நீங்கள் வண்டியைச் சுற்றி வந்தபோதெல்லாம் என் ஸ்கூட்டர் இரைந்துகொண்டிருந்தது அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது. எழுந்து வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்துக்குள் போனேன். இடது பலூனின் வால்வு அங்கேதான் இருக்கிறது. அதற்கு நேராக, வெள்ளையடித்த சுவரில், கிரீஸ் படிந்த உள்ளங்கைத் தடம். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில், பல தடவை பதிந்த தடம். அதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், என் கையாக இருக்கும் என்று விட்டிருக்கிறேன். ஆனால் நான் சாக்கை விரித்துப் படுத்து வேலை செய்கிறவன். குனிவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டிய முட்டி உங்களுடையதுதான்.

முதலில் கோபம்தான் வந்தது சம்பந்தி. டாக்டர் வரைக்கும் போனேனே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் காதின்மேல் எனக்கே நம்பிக்கை போகும்படி செய்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேடா சாப்பிட்டிருக்கிறீர்கள். சொன்னால் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அதுவும் சரிதான். கசிவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. வண்டி விற்றுப்போயிருக்கும், கையெழுத்தும் ஆகியிருக்கும்.

வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றேன். பிறகு என் கையை உங்கள் கைத்தடத்தின் மேல் ஊன்றிக் குனிந்து, வால்வின் மூடியைக் கழற்றினேன். சாவிக் கொத்திலிருந்து சின்னச் சாவியை எடுத்து உள்ளே இருக்கும் ஊசிமேல் வைத்தேன். கை ஓடவில்லை. காற்று போனால் ஓடிப்போய் அடைத்தே பழகியவன் நான். லேசாகத் தொட்டேன். ஸ்ஸ் என்றது. பயந்து எடுத்துவிட்டேன். மறுபடியும் தொட்டேன்.

"அப்டி இல்லப்பா."

நிமிர்ந்து பார்த்தேன். சந்துக்கு நேரே இருக்கும் சமையலறை ஜன்னலில் எஸ்தர் நின்றிருந்தாள். கையில் உங்கள் எவர்சில்வர் டப்பா. கடைசியாக வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட டப்பா.

"நல்லா அமுக்கிப் புடிச்சுக்கணும். மாமா அப்டித்தான் பண்ணுவாரு."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. அமுக்கிப் பிடித்தேன். ரப்பர் வாசனையோடு காற்று முகத்தில் அடித்தது. வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. அந்தச் சத்தத்தை முடியும்வரை நின்று கேட்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

உள்ளே எஸ்தர் போனில் பேசுவது கேட்டது. "வண்டி திரும்பவும் எறங்கிடுச்சு... ஆமா, இடது பக்கந்தான்... அப்பாவால தனியா முடியல. நீயே வந்து பாரு... இல்ல, நாளைக்கு வேணாம். ஞாயித்துக்கெழம வா. அன்னிக்குத்தான் கம்ப்ரஸர் கெடைக்கும்."

டேனியல் என்ன சொன்னான் என்று தெரியாது. வருவானோ மாட்டானோ. வந்தாலும் ஒரு பலூனில் காற்றடித்து எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற வயது எனக்கில்லை. உங்கள் பொறுமையும் எனக்கில்லை, அதற்கு வேண்டிய தெம்பும் இல்லை. ஏற்காட்டுக்காரருக்குப் போன் செய்து, இறங்கிவிட்டது, வர வேண்டாம் என்று சொன்னேன். திட்டினார், கேட்டுக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போது அந்தச் சந்துச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் பஞ்சர் கடைக்காரரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரஸர் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாராவது ஓடி வந்துகொண்டிருப்பார்கள். கொஞ்சம் நின்று பார்க்கிறேன் சம்பந்தி.