ஜாடியில் கரைந்தது

மார்ச் 3, செவ்வாய்

குட்டிக்கு இன்றும் வயிற்றுவலி. முகம் வெளுத்துக் கிடக்கிறது. நாலு வயதுப் பிள்ளை, சோபாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். பூச்சி மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. இன்று ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தியபோது அவள் அழக்கூட இல்லை.

மார்ச் 5, வியாழன்

ரத்தத்தில் காரீயம். நிறைய.

பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் நான். அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! இன்று டாக்டர் வாயிலிருந்து வந்ததும் காது அடைத்துவிட்டது. "மூளையைப் பாதிக்குமா?" என்று இவர் கேட்டார். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"மருந்து காரீயத்தைப் பிடிச்சுக் கரைச்சு சிறுநீர்ல வெளியே கொண்டுபோயிடும். ஆனா முதல்ல இது எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. இன்னும் உள்ளே போயிட்டே இருந்தா, மருந்தே அதைக் கரைச்சு உடம்புல ஏத்திவிட்டுடலாம்."

மார்ச் 6, வெள்ளி

சுவர்ப் பூச்சு, பொம்மை, கலர் பென்சில், ஜன்னல் கம்பி... எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாயிற்று. குழாய்த் தண்ணீரைச் சோதித்தவர், "சுத்தமா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியானால் எது? எது?

மார்ச் 7, சனி

ஜாடி.

ஃப்ரிட்ஜில் இருக்கும் மீன் படம் போட்ட பீங்கான் ஜாடி. நாத்தனார் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. எலுமிச்சைச் சாறு பிழிந்து அதில்தான் வைக்கிறேன். எனக்கு நெஞ்செரிச்சல், இவருக்குப் புளிப்பே ஆகாது. குடிப்பவள் குட்டி ஒருத்திதான்.

அந்தப் பளபளப்பில் காரீயம் இருக்குமோ? வெறும் தண்ணீருக்கு அது லேசில் அசையாது. அமிலம் பட்டால் கரையும். சாற்றிலுள்ள சிட்ரேட் அதைக் கவ்விக்கொண்டு, மறுபடி படியவிடாமல் வைத்திருக்கும். எனக்குத் தெரிந்த பாடம்தான். தெரிந்து என்ன பிரயோஜனம்?

மீதிச் சாற்றைப் பாட்டிலில் ஊற்றினேன். ஜாடியைக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

பள்ளி ஆய்வகத்தைத் திறந்து தரச் சொன்னேன். மூன்று சோதனைக் குழாய்கள். புதிதாகப் பிழிந்த சாறு, ஜாடித் தண்ணீர், ஜாடியிலிருந்த சாறு. ஒவ்வொன்றிலும், காரீயம் இருந்தால் கறுத்துக் காட்டும் சோடியம் சல்பைடு விட்டேன். முதல் இரண்டும் அப்படியே இருந்தன. மூன்றாவது பழுப்பாகி, பிறகு கறுத்துப்போனது.

இதைத்தான் என் கையால் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்.

உடனே இன்னொன்று உறைத்தது. நாத்தனார் ஜாடிகளை ஜோடியாக வாங்கினாள். இன்னொன்று அவள் வீட்டில். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். "சாறு இல்லாம வாய்க்கு எதுவுமே பிடிக்கல அண்ணி" என்று போன வாரம்தான் சொன்னாள்.

இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பக்குவமாச் சொல்லு. போன தடவை கலைஞ்சதுலேருந்து சின்னதுக்கெல்லாம் பயந்துக்கிறா."

பக்குவமாகத்தான் சொன்னேன். "உங்க பொண்ணுக்கு முடியலைன்னா நான் கொடுத்த சாமான் மேலயா பழி போடுவீங்க?" என்றாள். போனை வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவே இல்லை.

மார்ச் 9, திங்கள்

குட்டியை இவரிடம் விட்டுவிட்டு, சல்பைடு பாட்டிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நாத்தனார் கதவைத் திறந்ததும் நேராக ஃப்ரிட்ஜுக்குப் போனேன். அவள் ஜாடியிலிருந்து கொஞ்சம் சாற்றைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, சொட்டு விட்டேன்.

கறுத்தது.

அவள் வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். "அண்ணி... என் பிள்ளை?"

"தெரியலடி. செருப்பைப் போடு, டாக்டர்கிட்ட போகலாம்."

மார்ச் 11, புதன்

குட்டிக்கு மருந்து தொடங்கிவிட்டது. கேப்சூலுக்குள் இருக்கும் பொடி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. கந்தகம். அதுதான் காரீயத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். எலுமிச்சை செய்ததும் இதே வேலைதானே? அங்கே கவ்வி உள்ளே கொண்டுவந்தது, இங்கே கவ்வி வெளியே கொண்டுபோக வேண்டும். போகுமா? போகாவிட்டால்?

மார்ச் 14, சனி

குட்டி சாப்பிடவில்லை. பேசவில்லை. என்னைப் பார்க்கிறாளா, என்னைத் தாண்டிப் பார்க்கிறாளா?

மார்ச் 22, ஞாயிறு

நாத்தனாருக்கு ரிசல்ட் வந்துவிட்டது. கூடுதல்தான், ஆனால் மருந்து தேவைப்படும் அளவு இல்லை. சாற்றை நிறுத்தியதே பெரிது என்றாராம் டாக்டர். "அன்னிக்கு நீங்க வராம இருந்திருந்தா..." என்று போனில் தொடங்கினாள். முடிக்கவில்லை. இருவரும் அழுதோம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

குட்டிக்குக் காரீயம் பாதியாகக் குறைந்து, மறுபடி கொஞ்சம் ஏறியிருக்கிறது. எலும்பில் பதுங்கியது ரத்தத்துக்குத் திரும்பி வருமாம். இன்னொரு சுற்று மருந்து. எனக்குத் தெம்பே இல்லை.

ஜூலை 12, ஞாயிறு

நாத்தனாருக்குப் பெண் குழந்தை. குழந்தையின் ரத்தத்தையும் பார்த்தார்கள். பயப்படும்படி இல்லையாம்.

குட்டி பேசுவதை இன்னும் சொல் சொல்லாகக் காதைத் தீட்டிக் கேட்கிறேன். ஏதாவது குறைகிறதா? நேற்று மறந்த சொல் இன்று வருகிறதா? இந்தப் பயம் என்னை விடாது போலிருக்கிறது.

ஆஸ்பத்திரி அறையில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வராந்தாவில் தடதடவென்று சத்தம். யாரோ ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், எதுவோ உருண்டு விழுகிறது. நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இந்த வாலு யாரோட பொண்ணு?"

"என்னோடதுதான்" என்றேன்.