பூசைச் சந்தனமும் கெட்டி ஃபோர்க்கும்

குண்டு மாமா,

காலையில் வீடு கூட்டும்போது உங்கள் மலைச் சைக்கிளை நகர்த்தினேன். கைப்பிடியை ஊன்றி அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் அந்தக் கெட்டி ஃபோர்க்கு விறைத்துக்கொண்டு நின்றது. எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, அது மட்டும் போகவில்லை.

நீங்கள் வாங்கியபோது அதில் சஸ்பென்ஷன் ஃபோர்க்கு இருந்தது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும். "பாலிக் புலாவ் மலையில வேரு, கல்லு எதுல ஏறுனாலும் கைக்கே தெரியல லா!" என்று குதித்தீர்கள். பிறகு ஒருநாள் அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொண்டு வந்தீர்கள். ஏன் என்று கேட்டேன்.

"வசந்திதான் சொன்னா. இது லேசாம், மேடு ஏற சுலபமாம்."

வசந்தி! ஞாயிறுதோறும் உங்களோடு மலைக்கு ஓட்ட வந்தவள். உங்களை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். இருந்தால் என்ன? எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, ஆறாவதுக்கு மேல் படிப்பும் இல்லை. நீங்கள் அவளோடு போனில் ஃபோர்க்கு, டயர் என்று பேசப் பேச, அடுப்படியில் நான் வெங்காயத்தைக் கூழாகும்வரை நறுக்குவேன்.

இதை மாட்டிய பிறகு, ஞாயிறு மத்தியானம் கை மரத்துப்போய் வருவீர்கள். தைலம் தேய்ப்பேன், கொஞ்சம் அழுத்தியே.

"அவ சொன்னா கடல்ல கூட குதிப்பீங்க. அவளையே தேய்க்கச் சொல்லுங்க."

"மெதுவாடி, கை நாளைக்கும் வேணும்" என்று சிரிப்பீர்கள். மறு கையையும் நீட்டுவீர்கள்.

இன்று பத்து மணிக்கு அவளே பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். சைக்கிளைப் பார்த்துவிட்டு அழுதாள். அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "நல்லா இருந்ததை ஏன் மாத்தச் சொன்ன?"

"நானா? நான் சஸ்பென்ஷன்தான் வேணும்னேன், அக்கா. ஆயுத பூசைக்கு நீங்க அந்தப் பளபளன்னு இருக்குற குழாயில சந்தனத்தை அப்பிட்டீங்க. காஞ்ச தூளு உள்ள போயி, எண்ணெய அடைக்கிற ரப்பர் தேஞ்சு ஒழுகிடுச்சி. ரப்பர மாத்திட்டு, இனி அங்க பூசாதேன்னு அக்காகிட்ட சொல்லுங்கன்னேன். அண்ணே கேக்கல. 'சொன்னா அவ அப்புறம் என் சைக்கிளத் தொடவே மாட்டா. கெட்டி ஃபோர்க்கே போட்டுக்கிறேன், அவ இஷ்டத்துக்குப் பூசட்டும்'னாரு."

சந்தோஷப்பட வேண்டியதுதான். பட்டேன், அரை நிமிடம். பிறகு அவளுக்குக் கலக்கிய மைலோக் கோப்பையை அவள் முன் நங்கென்று வைத்தேன்.

உங்கள் உள்ளங்கைக் காய்ப்பின் சொரசொரப்பு இன்னும் என் கட்டைவிரலில் இருக்கிறது. என்னால் வந்த வலி என்று தெரியாமலே தேய்த்திருக்கிறேன். ஆனால் 'அவ இஷ்டத்துக்குப் பூசட்டும்' என்று சொன்னபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். எனக்கு அவள் சொன்னது மட்டுமே மிச்சம்.

என்னைப் பற்றிய அந்த ஒரு பேச்சை என்னிடம் சொல்லாமல், அவளிடம் ஏன் மாமா சொன்னீர்கள்?